வைகாசியில் வந்த தகைவிலான்கள்

மலேசியாவின் கோத்தா திங்கியில் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். காலையில் என் தங்கையின் கணவரோடு நடக்க வேண்டும். அவர் சாய்ந்தால் பிடிக்க வேண்டும்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை ஆறுமுகம் காலைச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கண் இருண்டு விழுந்திருக்கிறார். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று பாதி அடைத்திருக்கிறது, மருந்தைத் தொடருங்கள், தினமும் மெதுவாக நடங்கள், ஆனால் தனியாக நடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவர்களுடைய ஒரே மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். என் தங்கை விஜயாவுக்கு முட்டி வலி. நான் ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன், நடப்பவன்.

"அவரைத் தனியா விட எனக்கு பயமா இருக்கு அண்ணே, வந்து கொஞ்ச நாள் கூட நடங்க" என்றாள் போனில்.

நடப்பவன் என்பது உண்மை. அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்து ஆற்றுப்பாலம் வரை நடந்து, நின்ற இடத்திலேயே நின்று, எடுத்த படத்தையே மாதாமாதம் மறுபடி எடுப்பது என் பழக்கம். ஒரே மருத மரம், ஒரே வயல் வரப்பு, ஒரே படித்துறை. கார்த்திகையில் ஒன்று, மாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வருஷம் நகர்வது தெரியும். என் சின்னக் கேமராவில் படத்தின் மூலையில் தேதி விழும். தேதி இல்லாத படம் எனக்கு முகவரி இல்லாத வீடு மாதிரி.

ஆனால் நான் பயந்தவனும்கூட. அதை விஜயா மறந்திருந்தாள்.

மார்கழிக் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். அங்கே அது மழைக்காலத்தின் உச்சம். ஜொகூர் பாருவில் ஏறிய பேருந்து பாதி வழியில் ஓர் எண்ணெய் நிலையத்துக்குள் திரும்பி நின்றுவிட்டது. முன்னால் சாலை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புத் தண்ணீர். ஓட்டுநர் கீழே இறங்கி சிகரெட் பற்ற வைத்தார். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். பக்கத்து இருக்கை மலாய்க்கார அம்மா பையிலிருந்து கரிபாப் ஒன்றை எடுத்து நீட்டி ஏதோ சொன்னார். முன் இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண் திரும்பி எனக்கு மொழிபெயர்த்தார்.

"தண்ணிக்குப் பயப்படாதீங்கன்னு சொல்றாங்க அங்கிள். மெதுவாத்தான் ஏறுமாம். போன தடவை அவங்க வீட்டு ஃபிரிஜ்ஜத் தூக்கி மேல வைக்கிற வரைக்கும் டைம் கொடுத்துச்சாம்."

பேருந்து முழுக்கச் சிரித்தது. நான் கரிபாப்பைத் தின்றேன். உள்ளே உருளைக்கிழங்கும் மசாலாவும். நம் சமோசாவின் தூரத்து உறவு, கொஞ்சம் அடக்கமான குணம். மழை விட்டு, தண்ணீர் வடிந்து, வண்டி ஊர் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நிலையத்தில் குடையோடு மாப்பிள்ளையே நின்றிருந்தார். தனியாக வந்திருந்தார். முதல் பார்வையிலேயே எனக்கு வேலை தொடங்கிவிட்டது.

ஆறுமுகம் எஸ்டேட்டில் பிறந்தவர். வேலை பார்த்ததெல்லாம் பாசிர் கூடாங் தொழிற்சாலையில், ஷிப்ட் முறையில், கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்து. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, பேச்சின் கடைசியில் அவ்வப்போது ஒட்டும் அந்த ஊர் 'லா'. உடம்பைப் பற்றிக் கேட்டால் வானிலை பற்றிப் பேசுவார். எனக்கு நேர் எதிர்.

எங்கள் பாதை இதுதான். அவர்கள் இருக்கும் தாமான் என்ற குடியிருப்பின் முனையில் ஓர் அங்சானா மரம். நம் வேங்கைக்குச் சொந்தம். அதைத் தாண்டினால் சாலையோரம் சின்ன முனீஸ்வரர் கோயில். அங்கிருந்து மண் சாலை எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைகிறது. நடுவில் ஒரு கால்வாய்ப் பாலம், அதன் மேலே மின்கம்பி. கடைசியில் ஜொகூர் ஆறு. நான்கு இடத்திலும் நின்று மூச்சு வாங்க வேண்டும் என்பது விஜயாவின் உத்தரவு. நின்ற இடத்தில் சும்மா நிற்பானேன் என்று நான் கேமராவை எடுத்தேன். மாப்பிள்ளையும் தன் போனை எடுத்தார்.

முதல் வாரம் முழுக்க நான் படம் எடுத்ததைவிடப் பின்னால் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். செம்பனைத் தோட்டம் நம் தென்னந்தோப்பைப் போன்றதல்ல. தென்னந்தோப்பில் வெளிச்சம் விழும், பேச்சுக் கேட்கும். இங்கே மட்டைகள் ஒன்றோடொன்று கூரை போட்டுக்கொண்டு பகலிலும் பச்சை இருட்டாக இருக்கிறது. எந்த வரிசையில் பார்த்தாலும் ஒரே மாதிரி முடிவில்லாமல் போகிறது. வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் எலி, எலிக்குப் பாம்பு. ஆற்றங்கரையில் வாயைத் திறந்த முதலையின் படம் போட்ட மஞ்சள் பலகை. அதன் அடியிலேயே உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு சீனப் பெரியவர். முதலை உண்டா என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்டேன். உண்டு, ஆனால் அது அக்கரையில் இருக்கும் என்றாராம். அக்கரையிலேயே இருக்கும்படி முதலையிடம் யார் சொல்லிவைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் மண் சாலையில் வட்ட வட்டமாகக் குழிகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர் நிறைந்து, தலைப்பிரட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தது. குனிந்து படம் எடுத்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக யார் தோண்டியது என்று கேட்டேன்.

"பெரியவர் நடந்து போயிருக்காரு, மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

யானை என்ற சொல்லை அங்கே உள்ளே யாரும் சொல்வதில்லை. நான் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தலைப்பிரட்டையை உள்ளங்கைத் தண்ணீரில் ஏந்திப் படம் எடுத்தார். நான் பயந்தது யானைக்கு மட்டுமல்ல. யானை வந்தால் ஓட வேண்டும். ஓடினால் அவர் இதயம் தாங்காது. தாங்காவிட்டால் விஜயாவிடம் நான் என்ன சொல்வேன். என் பயம் எல்லாமே சுற்றி அந்த ஓர் இடத்துக்குத்தான் வந்து நின்றது. தங்கையை ஊரை விட்டு அனுப்பி வைத்த கல்யாணத்தில் கைப்பிடித்துக் கொடுத்தவன் நான். அவளைத் தனியாக்குகிற செய்தியோடு நானே அந்த வாசலில் ஏறக்கூடாது.

தையில் மழை ஓய்ந்தது. வானம் வெளுத்தது. அப்போதுதான் மாப்பிள்ளைக்குப் படம் பைத்தியம் பிடித்தது. காரணம், கால்வாய்ப் பாலத்துக்கு மேலே இருந்த மின்கம்பி. விடிந்ததும் அதில் இடமில்லாமல் குருவிகள் உட்கார்ந்திருக்கும். தகைவிலான்கள். முதுகு கருநீலம், தொண்டை செம்மண் நிறம், வால் கத்தரிக்கோல். வடக்கே பனி விழும் நாடுகளிலிருந்து வருபவை. அங்கே வெயில் காலம் வந்தால் திரும்பிப் போய்விடுபவை. நம் ஊருக்கும் வரும், ஆனால் இப்படிக் கூட்டமாக நான் பார்த்ததில்லை. கம்பி தொய்ந்து தெரிந்தது. பின்னால் ஆற்றுப்பக்கத்துப் பனி, அதில் ஒரு கோடு வெளிச்சம். மாப்பிள்ளை எடுத்த படம் என்னுடையதைவிட நன்றாக வந்தது. அன்று முழுக்க அதை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

என் கேமராவைப் பார்த்துக் கேலியும் செய்தார். "படத்துல கேலண்டர் எதுக்கு மச்சான்? மேரேஜ் சர்டிபிகேட்டா இது?"

பயத்தின் நடுவே அந்தச் சில வாரங்கள் சந்தோஷமாகத்தான் போயின. நடை முடிந்து கடைத்தெருவில் உட்காருவோம். அவருக்குச் சர்க்கரை போடாத கறுப்புத் தேநீர், எனக்கு தே தாரேக் என்கிற ஆற்றிய பால் தேநீர். நான் கை கழுவித் திரும்புவதற்குள் என் கோப்பை குறைந்திருக்கும். ரொட்டி சானாய் பரோட்டாவின் தம்பி. ஆனால் பருப்புக் குழம்போடு காலையிலேயே தின்கிறார்கள். நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, நிலக்கடலை. ஒவ்வொரு தட்டையும் நான் இதயக்குழாய் வழியாகத்தான் பார்த்தேன். விடுமுறைக்கு வந்தவன் சாப்பிடுகிற மாதிரி ஒருநாளும் சாப்பிடவில்லை.

விஜயாவும் தன் பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நான்கு இடத்திலும் எடுக்கும் படத்தை அந்தந்த இடத்திலிருந்தே குடும்பக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சமையலறையில் போன் சத்தம் போட்டால் அங்சானா தாண்டியாயிற்று. மறுபடி போட்டால் முனீஸ்வரர். நான்காவது சத்தம் கேட்டதும் குளிக்கப் போவாள். படத்தை நின்று பார்ப்பதுகூட இல்லை. மாப்பிள்ளை இதை "டோல் சாவடி" என்பார். "ஒவ்வொரு இடத்துலயும் கட்டிட்டுத்தான் போகணும் மச்சான்."

மாசி பிறக்கும் முன் ஊர் திரும்பினேன். அவரோடு அப்புறம் எதிர்வீட்டுக்காரர் நடந்தார். படங்கள் எனக்கும் வந்துகொண்டிருந்தன. சித்திரைக் கடைசியில் எதிர்வீட்டுக்காரர் மகள் வீட்டுக்கு ஈப்போ போய்விட்டார். விஜயா மறுபடி கூப்பிட்டாள்.

இரண்டாம் முறை போனபோது அதே இடம் வேறு ஊராக இருந்தது. மதியத்துக்கு மேல் இடி, காலையில் புழுக்கம். அங்சானா ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் கொட்டி, சாலையெல்லாம் மஞ்சள். ரம்புத்தான் மரத்தில் பச்சைப் பிஞ்சு. கால்வாய்ப் பாலத்தில் கம்பி காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. நம்மளும் ஒரு நாளைக்குப் போக வேண்டியதுதான்" என்றார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. அவர் நடையும் பிடிக்கவில்லை. தையில் பேசிக்கொண்டே நடந்தவர் இப்போது ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் பேசுவதில்லை. கேட்டால், வெயில் என்றார்.

விஜயாவிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். அவள் டாக்டரிடம் தேதி வாங்கினாள். அடுத்த வாரம்தான் கிடைத்தது.

அதற்குள் ஒரு புதன்கிழமை மாலை நான் மழையில் நனைந்தேன். வியாழன் காலையில் காய்ச்சல். இன்றைக்கு நடக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, தோட்டத்துக்குள் நுழைந்தவுடன் திரும்பிவிடலாம்தான், ஆனால் முழுத் தூரம் போகாவிட்டால் விஜயா டாக்டர் தேதியை இன்றைக்கே மாற்றச் சொல்வாள் என்றார். நான்கு படமும் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். விஜயா வாசலில் நின்று யோசித்தாள். பிறகு, படம் வராவிட்டால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினாள். நான் போர்வைக்குள் இருந்தேன். எழுந்து தடுத்திருக்கலாம், உடம்பு கேட்கவில்லை.

முதல் சத்தம். அங்சானா. அடியில் ஈரமான மஞ்சள் பூக்கள்.

இரண்டாவது சத்தம். முனீஸ்வரர். புது மாலை.

சமையலறையில் விஜயா கடுகு தாளிக்கும் ஓசை. வழக்கமான இடைவெளிக்குப் பிறகு மூன்றாவது சத்தம். நான் தலையணையிலேயே போனைத் திருப்பிப் பார்த்தேன். கால்வாய்ப் பாலம். பனி, ஒரு கோடு வெளிச்சம், கம்பி நிறையக் குருவிகள்.

காய்ச்சலில் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. திரும்பி வந்துவிட்டன என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் எழுந்து உட்கார்ந்தேன். வைகாசியில் தகைவிலான் ஏது? சித்திரைக்குள் கடைசிக் குருவியும் வடக்கே போயிருக்கும். அவை இப்போது எங்கேயோ ஒரு கொட்டகைக் கூரையில் கூடு கட்டிக்கொண்டிருக்கும். புரட்டாசிக்கு முன்னால் அந்தக் கம்பி நிறையாது.

படத்தைப் பெரிதாக்கினேன். கால்வாயில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது; நேற்றுக் காலை அது பாதிகூட இல்லை. இது தை மாதத்துப் படம். அவர் எல்லோருக்கும் அனுப்பிய அதே படம்.

யாராவது பழைய படத்தை ஏன் அனுப்ப வேண்டும்? எடுக்க மறந்துவிட்டு, அழகானதைத் தேடி அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அவரைக் கூப்பிட்டேன். நீண்ட நேரம் அடித்து, எடுத்தார்.

"மாப்ளே, எங்க இருக்கீங்க?"

"பாலத்துல, மச்சான். காத்து நல்லா வருது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சொற்களுக்கு நடுவில் மட்டும் இடம் அதிகமாக இருந்தது.

கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டேன்.

"கம்பியில குருவி இருக்கா?"

"நெறைய இருக்கு லா" என்றார் ஆறுமுகம்.

போனை வைத்தேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசிக்க அங்கே வழியே இல்லை; பத்தடி கூட இராது. விஜயா என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கார்ச் சாவி ஆணியில் தொங்கியது.

"அவரு பாலத்துல இல்ல. படம் பழசு" என்றேன்.

அவள் கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான்தான் வாங்கி வைத்தேன். முட்டி வலிக்காரி காரை எடுத்த வேகத்தில் என் தலை கதவில் இடித்தது.

அங்சானாவில் யாரும் இல்லை. எனக்குள் ஓடியதெல்லாம் அந்த மண் சாலைதான். உள்ளே நுழைந்து எந்த வரிசையிலாவது விழுந்து கிடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா வரிசையும் ஒன்று. முந்தாநாள் ராத்திரி பெரியவர்கள் அந்தப் பக்கம் கடந்ததாகத் தோட்டத்துக் காவல்காரர் சொல்லியிருந்தார். கார் மண் சாலைக்குத் திரும்பும் இடத்தில், கோயிலின் பின்பக்கம் கண்ணில் பட்டதும், விஜயா பிரேக் போட்டாள்.

அங்கே, பெரிய சாலையிலிருந்து தெரியாதபடி, சிமெண்டுத் திட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். செருப்பு இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில். முதுகு சுவரில். சட்டை குளித்தவன் சட்டை மாதிரி நனைந்து ஒட்டியிருந்தது. முகம் சாம்பல். இடது கை மடியில் கிடந்தது. வலது கையில் போன். திரையில் வரிசையாகச் சின்னச் சின்ன ஆற்றுப் படங்கள். எதை அனுப்புவது என்று அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வயித்துல காஸ் லா" என்றார். "கொஞ்சம் உக்காந்தா சரியாயிரும்னு பாத்தேன்."

"எந்திரிங்க" என்றாள் விஜயா.

அவரால் முடியவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தும் முடியவில்லை. அந்த நேரத்தில் பாசிர் கூடாங் போகும் கம்பெனி பஸ் ஒன்று வந்தது. நான் சாலை நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். வாழ்நாளில் ஒரு வண்டியின் முன்னால் நான் நின்றது அந்த ஒரு தடவைதான். உள்ளிருந்து சீருடை போட்ட நாலு பேர் இறங்கினார்கள். மலாயில் ஒருவர் மற்றவருக்கு உத்தரவு போட, தலை, தோள், இடுப்பு, கால் என்று பிரித்துக்கொண்டு அவரைக் காரின் பின் இருக்கையில் படுக்க வைத்தார்கள். அவர்களில் ஒருவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, தன் பழைய மேற்பார்வையாளர் என்று நண்பரிடம் சொன்னது போலிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாப்பிள்ளை கண்ணைத் திறந்து, ஷிப்டுக்கு லேட்டாகிறது, போ என்று கையைக் காட்டினார்.

ஊர் மருத்துவமனையில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து வரும் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான். விஜயாவும் நானும் ஒரு நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குளிர்சாதனத்தில் என் காய்ச்சல் நடுங்கியது. எதிரே ஒரு மலாய்க் குடும்பம் பொட்டலத்தைப் பிரித்துச் சோற்றைப் பகிர்ந்துகொண்டிருந்தது. எங்களிடமும் நீட்டினார்கள். விஜயா கும்பிட்டு மறுத்தாள்.

பிறகு அவள் ஒன்று சொன்னாள்.

"மூணாவது சத்தம் கேட்டுச்சு அண்ணே. சரி, பாலம் வந்துட்டாருன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டு சாம்பாருக்கு உப்புப் பாத்தேன்."

அவளுக்கு நிம்மதி கொடுக்க நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அந்த நிம்மதியைத்தான் அவர் கடைசிவரை கட்டிக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார், மூச்சு முட்ட, ஒவ்வொரு படத்துக்கும் சரியான இடைவெளி விட்டு.

இளம் பெண் டாக்டர் வெளியே வந்து ஆங்கிலத்தில் பேசினார். அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் என்ற கம்பிச்சுருள் வைத்தாயிற்று; தசை கொஞ்சம் சேதம்; இன்னும் தாமதித்திருந்தால் பேச வேறு விஷயம் இருந்திருக்கும் என்றார். விஜயா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். மாப்பிள்ளை பாதியாகத் தெரிந்தார். முதல் கேள்வியே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான். குருவிகள் வைகாசியில் இருக்காது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"காலிக் கம்பி படமும் இருந்துச்சு, மச்சான்" என்றார் கண்ணைத் திறக்காமல். "அதையும் பாத்தேன். குருவி இருக்கிறது நல்லா இருந்துச்சு. அதான் அனுப்பிட்டேன்."

அழகான படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. அந்தக் காலிக் கம்பியை அனுப்பியிருந்தால் நான் திரும்பிப் படுத்திருப்பேன்.

ஆனியில் ஊர் திரும்பினேன். கிளம்பும் முன் ஒரே ஒரு மாறுதல் செய்யப்பட்டது. அதை நாங்கள் யாரும் செய்யவில்லை, விஜயாவே செய்தாள். முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு அவளே கூட நடப்பதென்று. முதல் நாள் அங்சானா வரை போய்த் திரும்பினார்கள். அவள் ஒரு கையில் குடை, மறுகையில் அவர் முழங்கை. அவர் போனை அவளே வைத்துக்கொண்டாள். படமும் அவளே எடுத்தாள். பாதிப் படத்தில் அவள் விரல் இருந்தது.

இப்போது அந்தப் படங்கள் எனக்குத் தினமும் காலையில் வருகின்றன. நம் நேரத்துக்கு அப்போது இங்கே விடிந்திருக்காது. மரம் எப்படி இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு, பிஞ்சா பழமா, நேற்றைய மழையின் ஈரம் உண்டா, நிழல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். அது இன்றைய படம்தான் என்று உறுதியானதும்தான் பல் துலக்கப் போகிறேன். என்னுடைய மருத மரத்தைக்கூட முன்போல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆடியில் ரம்புத்தான் சிவந்தது. ஆவணியில் புல் காய்ந்தது. அவர்கள் கால்வாய்ப் பாலம் வரை போகத் தொடங்கியிருந்தார்கள்.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒருநாள் வந்த படத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளை. மரம் இல்லை, கம்பி இல்லை, தரை இல்லை. ஓர் ஓரத்தில் அவள் விரல்கூட இல்லை. எதைப் பிடித்து நாள் கண்டுபிடிப்பது? உடனே கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே விஜயா எடுத்தாள்.

"புகை அண்ணே. எங்கேயோ காட்டுல தீயாம், ஊரே தெரியல" என்றாள். வாயில் துணி கட்டியிருந்தாள் போல, குரல் அமுங்கி வந்தது. "எதுத்தாப்புல கம்பம் இருக்கா இல்லையான்னே தெரியல. வீட்டுக்குத் திரும்புறோம்."

"மாப்ளே?"

"என் கையில இருக்காரு" என்றாள். பிறகு போனை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது, சீராக. நான் காதை எடுக்கவில்லை. அவளும் போனை எடுக்கவில்லை. அவர்கள் வீடு போய்ச் சேரும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.